சைடு ஸ்டாண்டு போட்ட சிலேட்டு

2014 டிசம்பரில் அத்தான் சியாட்டிலிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். வந்த மறுநாள் பையிலிருந்து சாம்பல் நிறப் பலகை ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்தார். பின்னாலிருந்த தகட்டை விரலால் இழுத்துவிட்டதும் பலகை சாய்ந்து நின்றது. அட்டை போன்ற ஒரு கீபோர்டை அதன் அடிவிளிம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். காந்தம் இழுத்து, ‘டக்’கென்று தானாக ஒட்டிக்கொண்டது. அப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“மாப்பிள்ளை, இதுல எது கம்ப்யூட்டர்? மேல இருக்கிறதா, கீழ இருக்கிறதா?”

“மேல இருக்கிறதுதான் மாமா. கீழ இருக்கிறது வெறும் கீபோர்டு.”

“அப்ப இது சிலேட்டு. சைடு ஸ்டாண்டு போட்ட சிலேட்டு.”

அத்தான் பேனாவை எடுத்துத் திரையில் எழுதிக் காட்டியதும் அப்பாவுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. பல்பமும் இருக்கிறதே!

அது மைக்ரோசாஃப்ட்டின் சர்ஃபேஸ் ப்ரோ 3. ஊருக்குத் திரும்புவதற்குள் அத்தானிடம் பேரம் பேசி அதை நானே வாங்கிவிட்டேன். இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்த்துப் பிழை திருத்துவது என் பிழைப்பு. பல்பம் வைத்த கணினி எனக்குத்தான் பொருத்தம் என்று அவரை நம்பவைத்தேன். அன்றிலிருந்து இந்தச் சாதன வரிசையின் வரலாற்றைப் பின்தொடர்வது ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அதுதான் அடிக்கடி நினைவுக்கு வரும். இந்தப் பிள்ளை உலோகம், கண்ணாடி, கீல், காந்தம் எல்லாவற்றிலும் தேறிவிட்டது. வாத்தியாரே நடத்தும் பாடமான மென்பொருளில்தான் திரும்பத் திரும்பத் தோற்றது.

மைக்ரோசாஃப்ட்டின் சிலேட்டு ஆசை பழையது. 1992-லேயே பேனாவால் இயக்கும் விண்டோஸ் ஒன்றை வெளியிட்டார்கள். யாரும் சட்டை செய்யவில்லை. 2001 நவம்பரில் லாஸ் வேகஸில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில் பில் கேட்ஸ் டேப்லெட் பிசியைக் காட்டி, ஐந்தாண்டுகளுக்குள் அமெரிக்காவில் அதிகம் விற்கும் கணினி வகை இதுவாகத்தான் இருக்கும் என்று சொன்னார். மறு ஆண்டு நவம்பரில் விண்டோஸ் எக்ஸ்பியின் டேப்லெட் பதிப்பு வந்தது. ஏசர், டோஷிபா, ஃபுஜிட்சு என்று பலரும் சாதனம் செய்தார்கள். ஐந்தாண்டுகள் போயின, கேட்ஸ் சொன்னது நடக்கவில்லை. சாதனங்கள் கனமாகவும் தடிமனாகவும் இருந்தன, விலையும் அதிகம். அதைவிட, உள்ளே ஓடியது மவுஸுக்காக வரைந்த விண்டோஸ். மூலையில் கடுகளவு இருக்கும் பெருக்கல் குறியைப் பேனா முனையால் தொட்டு ஜன்னலை மூடுவது ஊசியில் நூல் கோக்கிற வேலை.

அப்புறம் 2010 ஜனவரி. மாதத் தொடக்கத்தில் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர் லாஸ் வேகஸ் மேடையில் எச்பி செய்த ஒரு சிலேட்டைத் தூக்கிக் காட்டினார். அதே மாதம் 27-ஆம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடைக் காட்டினார். இரண்டில் எதை இன்றைக்கு யாருக்கு நினைவிருக்கிறது?

அந்தச் சமயத்தில் மைக்ரோசாஃப்ட்டுக்குள்ளேயே இன்னொரு சிலேட்டு உருவாகிக்கொண்டிருந்தது. கூரியர் என்று பெயர். புத்தகம்போல இரண்டு திரை, நடுவில் கீல், கையில் பேனா. எக்ஸ்பாக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜே அல்லார்டின் குழு செய்தது. அதில் மின்னஞ்சல் எங்கே என்று கேட்ஸ் கேட்டாராம். மின்னஞ்சல் பார்க்கத்தான் எல்லோரிடமும் கணினியும் ஃபோனும் இருக்கிறதே, இது யோசிப்பதற்கும் வரைவதற்கும் என்று அல்லார்ட் தரப்பில் பதில் சொன்னார்களாம். விண்டோஸோடும் ஆஃபீஸோடும் ஒட்டாத பொருள் அந்த வீட்டில் வளர முடியாது. 2010 ஏப்ரலில் திட்டத்தைக் கைவிட்டதாக அறிவித்தார்கள். அந்தக் கேள்வியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பின்னால் நடந்த பல விஷயங்களுக்கு விளக்கம் அதில் இருக்கிறது.

சர்ஃபேஸ் என்ற பெயரும்கூட முதலில் சிலேட்டுக்கு வைத்ததல்ல. 2007-இல் அந்தப் பெயரில் அவர்கள் காட்டியது ஒரு மேசை. 30 அங்குலத் திரை, அடியில் கேமராக்கள், மேலே எதை வைத்தாலும் அடையாளம் காணும். 2012-இல் மேசைக்கு பிக்சல்சென்ஸ் என்று வேறு பெயர் வைத்துவிட்டு, இருந்த பெயரைப் பறித்துத் தம்பிக்குச் சூட்டினார்கள்.

2012 ஜூன் 18, லாஸ் ஏஞ்சலிஸ். செய்தியாளர்களை வரச்சொன்னார்கள், எந்த இடம் என்பதைக் கடைசி நேரம்வரை சொல்லவில்லை. பால்மர் மேடையேறி, விண்டோஸின் முதல் பதிப்புக்கு மவுஸ் தேவைப்பட்டதால் தாங்களே மவுஸ் செய்த கதையில் தொடங்கினார். மென்பொருளை மட்டும் செய்து, பெட்டி செய்வதை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்து வளர்ந்த நிறுவனம், தானே ஒரு கணினியைச் செய்ததற்கு மேடையில் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. வாடிக்கையாளர்களான கணினி நிறுவனங்களுக்கு இது பிடிக்கவில்லை. ஏசரின் தலைவர் ஜே.டி. வாங் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள் என்று வெளிப்படையாகவே எச்சரித்தார். உரலையும் உலக்கையையும் விற்றுக்கொண்டிருந்தவர் திடீரென்று தானே மாவு இடித்து விற்கத் தொடங்கினால், எதிர்க்கடைக்காரர் சும்மா இருப்பாரா?

அந்த மேடையில்தான் ஸ்டாண்டு அறிமுகமானது. பலகையின் பின்பாதியே திறந்து காலாக நிற்கும், 22 பாகைச் சாய்வில். அந்தக் கீலின் ஓசையை உயர்ரகக் கார்க் கதவு சாத்தும் ஓசையோடு ஒப்பிட்டார்கள். கேட்கும்போது விளம்பரப் பேச்சு என்றுதான் தோன்றும். ஆனால் கையில் எடுத்துத் திறந்து மூடிப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். திறக்கும்போது சிறிது எதிர்ப்பு, பிறகு வழுக்கல், மூடும்போது அடக்கமான ஒரு ‘தப்’. உடல் மெக்னீசியம் கலந்த உலோகம். கீபோர்டு 3 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு மூடி. அதில் விசைகள் அமுங்காது. விரலின் அழுத்தத்தை உணர்ந்துகொள்ளும் வெறும் துணிப்பரப்பு.

இத்தனை நேர்த்தியான பொருளை விண்டோஸ் பிரிவின் தலைவர் ஸ்டீவன் சினோஃப்ஸ்கி இயக்கிக் காட்டிக்கொண்டிருந்தபோது, திரை உறைந்து நின்றுவிட்டது. தட்டிப் பார்த்தார், அசையவில்லை. பின்பக்கம் விரைந்துபோய் மாற்றுச் சாதனம் ஒன்றை எடுத்துவந்து பேச்சைத் தொடர்ந்தார். கீல் நன்றாகத்தான் வேலை செய்தது. இந்தக் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அடுத்த பத்தாண்டுக்கான முன்னோட்டம் அந்தச் சில நொடிகளிலேயே ஓடிவிட்டது.

அக்டோபர் 26-ஆம் தேதி சர்ஃபேஸ் ஆர்டி விற்பனைக்கு வந்தது. 32 ஜிபி கொண்டது 499 டாலர். விளம்பரத்தில் எல்லோரும் கீபோர்டைத்தான் ‘டக் டக்’ என்று மாட்டி ஆடினார்கள். ஆனால் 499-க்கு வாங்கினால் பெட்டிக்குள் கீபோர்டு கிடையாது. தனியாக வாங்கினால் 120 டாலர். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்டியின் சிக்கல் என்னவென்று கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அதுவரை விண்டோஸ் என்றால் இன்டெல் வகைச் சில்லு. ஆர்டிக்குள் இருந்தது என்விடியாவின் டெக்ரா 3, கைப்பேசிகளில் இருக்கும் ஆர்ம் வகை. அந்த வகையில் பேட்டரி நன்றாக நிற்கும், சூடாகாது, விசிறி வேண்டாம். ஆனால் இன்டெலுக்கென்று தொகுத்த நிரல் ஆர்ம் சில்லுக்குப் புரியாது. தமிழில் எழுதிய கடிதத்தை மலையாளம் மட்டும் படிக்கத் தெரிந்தவர் கையில் கொடுத்ததுபோல. அதாவது, இருபது ஆண்டுகளாக உலகம் எழுதிக் குவித்த விண்டோஸ் நிரல்களில் ஒன்றுகூட அதில் ஓடாது. புதிதாகத் திறந்த கடையில் இருக்கும் செயலிகள்தான் ஓடும். அந்தக் கடையிலோ சரக்கு இல்லை.

சரி, அதையாவது தெளிவாகச் சொன்னார்களா என்றால் இல்லை. பெயர் விண்டோஸ் ஆர்டி. பார்க்க விண்டோஸ் 8 மாதிரியே இருக்கும். பழைய டெஸ்க்டாப்பும் உள்ளே இருந்தது. ஏன்? ஆஃபீஸைத் தொடுதிரைக்கு மாற்றி எழுதி முடிக்கவில்லை. அது ஓட டெஸ்க்டாப் வேண்டும். ஆக, வாசல் திறந்திருந்தது, வீட்டுக்காரர் மட்டும்தான் உள்ளே போகலாம். வாங்கிக்கொண்டுபோனவர்கள் கணக்கு மென்பொருளையோ பழைய விளையாட்டையோ போட முயன்றபோதுதான் விஷயம் புரிந்தது. கூரியரிடம் மின்னஞ்சல் எங்கே என்று கேட்ட அதே மனநிலை, இங்கே ஆஃபீஸ் எங்கே என்று கேட்டிருக்கிறது. 32 ஜிபியில் ஏறக்குறைய பாதியை விண்டோஸும் ஆஃபீஸுமே தின்றுவிட்டன என்பது தனிக்கதை.

விற்பனை தொடங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை, சினோஃப்ஸ்கி நிறுவனத்தை விட்டுப் போய்விட்டார். அறிமுகத்துக்கு முன் செய்தியாளர்கள் எதிரில் ஆர்டிக்கு அடியில் சக்கரம் மாட்டி ஸ்கேட்போர்டாக ஓட்டிக் காட்டியவர் அவர். பலகை தாங்கியது, பாவம்.

2013 ஜூலையில் கணக்கு வெளியானது. விற்காமல் கிடந்த ஆர்டி சரக்குக்காக 90 கோடி டாலரை நட்டமாக எழுதித் தள்ளினார்கள். அந்த நிதியாண்டு முழுவதும் சர்ஃபேஸ் வரிசை ஈட்டிய வருவாயோ 85.3 கோடி டாலர்தான். மறுநாள் பங்கு விலை 11 சதவீதம் சரிந்தது. ஆகஸ்டில் பால்மர் தான் ஓய்வுபெறப் போவதாக அறிவித்தார்.

இதற்கிடையில் 2013 பிப்ரவரியில் முதல் சர்ஃபேஸ் ப்ரோ வந்திருந்தது. இது இன்டெல் சில்லு கொண்டது. எல்லா நிரலும் ஓடும். கூடவே இன்டெலுக்கு உரிய சூடு, விசிறி, கனம் எல்லாமும் வந்தன. 900 கிராமுக்குச் சற்று அதிகம், 13 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன், பேட்டரி நான்கைந்து மணி நேரம். ஆர்டியிடம் இல்லாதது இதனிடம் இருந்தது, ஆர்டியிடம் இருந்தது இதனிடம் இல்லை. அந்த அக்டோபரில் வந்த இரண்டாம் தலைமுறையில் ஸ்டாண்டுக்கு இரண்டாவது நிலை சேர்ந்தது. மற்றபடி பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

2014 மே 20, நியூயார்க். சத்யா நாதெள்ளா தலைமை நிர்வாகியாகப் பொறுப்பேற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. சிறிய சர்ஃபேஸ் ஒன்றைக் காட்டப்போகிறார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். அது தயாராகவும் இருந்தது. கடைசி வேளையில் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக சர்ஃபேஸ் பிரிவை நடத்திய பனோஸ் பனாய் தராசோடு வந்தார். ஒரு தட்டில் மேக்புக் ஏர், மறுதட்டில் ப்ரோ 3. காய்கறிக் கடைத் தராசுபோல மேக்புக் பக்கம் இறங்கியது. 12 அங்குலத் திரை, 9.1 மில்லிமீட்டர் தடிமன், 800 கிராம். போட்டி இனி ஐபேடோடு அல்ல, லேப்டாப்போடு என்று தராசு சொல்லிவிட்டது. என்னைக் கேட்டால், சர்ஃபேஸ் உண்மையில் பிறந்தது அந்த நாளில்தான்.

மூன்று மாற்றங்கள் செய்திருந்தார்கள். ஸ்டாண்டு இனி ஓரிரு நிலைகளில் மட்டும் நிற்காது. 150 பாகைவரை எங்கே விடுகிறோமோ அங்கே நிற்கும். கிட்டத்தட்டப் படுத்துவிடும், அதன்மேல் கையூன்றி எழுதலாம். கீபோர்டின் மேல்விளிம்பு மடிந்து திரையின் அடிச்சட்டத்தில் இன்னொரு காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும், மடியில் வைக்கும்போது ஆடாமல் இருக்க. அப்படியும் ஸ்டாண்டின் விளிம்பு தொடையில் கோடு போடுகிறது என்று விமர்சகர்கள் எழுதித் தள்ளினார்கள். நான் மேசைக்காரன், எனக்கு அந்த வழக்கு இல்லை.

மூன்றாவது மாற்றத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். முந்தைய திரைகள் சினிமாவுக்கு ஏற்ற 16-க்கு 9 அளவு. அதை நிமிர்த்திப் பிடித்தால் ஓலைச்சுவடியைச் செங்குத்தாகப் பிடித்த மாதிரி, ஒல்லியாக உயரமாக, எதற்கும் உதவாமல் இருக்கும். ப்ரோ 3-இல் 3-க்கு 2 ஆக்கினார்கள். நிமிர்த்தினால் ஏ4 தாளுக்கு நெருக்கமான வடிவம். கையேட்டின் ஒரு பக்கம் முழுவதும் திரையில் வந்து உட்காரும். இடது கையில் பலகை, வலது கையில் பேனா. ஒற்றுப்பிழையைச் சுழித்து, ஓரத்தில் குறிப்பெழுதி, அடுத்த பக்கம். அச்செடுத்துத் திருத்தும் பழக்கம் எனக்கு ஒரே மாதத்தில் போனது.

பேனாவைப் பற்றி ஒரு இடைச்செருகல். அதற்குள் போடும் செல் மெல்லியது. மூன்று ஏ அல்ல, நான்கு ஏ. முதல் செல் தீர்ந்தபோது கடை கடையாக ஏறி இறங்கினேன். “மூணு ஏதான் சார் வரும், நாலு ஏ-ன்னு ஒண்ணு கிடையாது” என்று அடித்துச் சொன்னார்கள். கடைசியாக ரேடியோ பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய ஒன்பது வோல்ட் பேட்டரியின் தகரத்தைக் குறடால் உரித்துக் காட்டினார். உள்ளே சிறுவிரல் பருமனுக்கும் குறைவாக ஆறு செல்கள், பீடிக்கட்டு மாதிரி. “எல்லாக் கம்பெனியிலயும் இப்படி இருக்காது தம்பி. சிலதுல இருக்கும்” என்றார். ஒன்றைப் பேனாவில் போட்டார், எழுதியது. காசு வாங்கவில்லை. பிற்காலத்துப் பேனாக்களைக் கீபோர்டின் மேல்பள்ளத்தில் படுக்கவைத்தாலே மின்னேறிவிடும் என்பது முன்னேற்றந்தான். ஆனால் அந்தப் பெரியவரைச் சந்தித்திருக்க மாட்டேன்.

ப்ரோ 3 விற்றது. 2014-இன் கடைசிக் காலாண்டில் சர்ஃபேஸ் வருவாய் முதன்முறையாக 100 கோடி டாலரைத் தாண்டியது. இன்னொரு பாராட்டு எதிரணியிலிருந்து வந்தது. பல்பத்தைக் கேலி செய்த வீடு ஆப்பிள். 2015-இல் அவர்களே ஐபேட் ப்ரோவுக்குப் பேனாவும் காந்தக் கீபோர்டும் கொண்டுவந்தார்கள். லெனோவோ போன்ற நிறுவனங்கள் ஸ்டாண்டையே அப்படியே எடுத்துக்கொண்டன. ஆரம்பத்தில் கோபித்துக்கொண்ட எதிர்க்கடைக்காரர்களுக்கு மாதிரி காட்டுவதுதான் எங்கள் நோக்கம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிக்கொள்ளவும் வசதியாயிற்று.

விளம்பரத்தில் மட்டும் அதிர்ஷ்டம் இல்லை. அமெரிக்கக் கால்பந்துக் கழகமான என்எஃப்எல்லோடு 40 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு, ஆட்டக்காரர்கள் கையில் நீல உறை போட்ட சர்ஃபேஸைக் கொடுத்தார்கள். நேரடி ஒளிபரப்பில் வர்ணனையாளர்கள் அதை ஐபேட் என்றே சொன்னார்கள். 2016-இல் நியூ இங்கிலாந்து அணியின் பயிற்சியாளர் பில் பெலிசிக், இனி எனக்கு டேப்லெட்டே வேண்டாம், காகிதப் படங்களே போதும் என்று செய்தியாளர் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பொரிந்து தள்ளினார்.

2015 அக்டோபரில் ப்ரோ 4-உம், திரையைத் தனியே கழற்றிக்கொள்ளும் சர்ஃபேஸ் புக்கும் வந்தன. புக்கின் திரையைக் கீழ்ப்பகுதியோடு பிடித்துவைத்திருப்பது மின்சாரம் பாய்ந்தால் சுருங்கும் ஒரு கம்பி. விசையை அழுத்தினால் கம்பி சுருங்கிப் பிடியை விடும். பொறியியல் என்று பார்த்தால் அழகு. இந்தியாவில் அதிகாரபூர்வமாக வந்த முதல் சர்ஃபேஸ் ப்ரோ 4-தான். 2016 ஜனவரியில், 89,990 ரூபாயிலிருந்து.

இந்தத் தலைமுறையில்தான் வாத்தியாரின் பாடம் மறுபடி காலை வாரியது. தூங்கவைத்த கணினி தூங்காமல் பைக்குள்ளேயே சூடாகிப் பேட்டரியைக் குடித்தது, எழுப்பினால் எழவில்லை. புதிய இன்டெல் சில்லும் விண்டோஸ் 10-உம் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. மாதக்கணக்கில் திருத்தம்மேல் திருத்தம் அனுப்பிச் சரிசெய்தார்கள். வன்பொருளும் தன் பங்குக்கு மானத்தை வாங்கியது. ப்ரோ 4-இல் சிலவற்றின் திரை சூடானால் நடுங்கத் தொடங்கியது. அமெரிக்காவில் சிலர் சாதனத்தை ஃப்ரீசரில் வைத்துக் குளிரவைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். 2018-இல் நிறுவனம் ஒப்புக்கொண்டு, வாங்கி மூன்றாண்டுக்குள் இருந்தால் மாற்றித் தருவதாக அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு, நான்கில் ஒரு சர்ஃபேஸ் இரண்டாண்டு முடிவதற்குள் ஏதாவது தொல்லை தரும் என்று கணித்துத் தன் பரிந்துரையைத் திரும்பப் பெற்றிருந்தது.

தொல்லை வந்தால் திறந்து பார்க்கவும் முடியாது. முதல் ப்ரோவைப் பிரித்துப் பார்த்த ஐஃபிக்ஸிட் குழு உள்ளே 90-க்கு மேற்பட்ட திருகாணிகளை எண்ணியது. திரையும் பேட்டரியும் பசையால் ஒட்டியிருந்தன. பழுதுபார்க்கும் எளிமைக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண். பள்ளியில் அந்த மதிப்பெண்ணோடு வீட்டுக்கு வந்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். இங்கே தேற ஆறேழு ஆண்டு ஆயிற்று. 2019-இல் வந்த ப்ரோ எக்ஸில்தான் சேமிப்பகத்தைக் கழற்ற ஒரு சின்னக் கதவு வைத்தார்கள், மதிப்பெண் ஆறானது.

2018-இன் சர்ஃபேஸ் கோ 10 அங்குலம், 399 டாலர். பள்ளிப் பிள்ளைகளுக்கும் சிறிய கைகளுக்கும். நல்ல எண்ணம், மெதுவான சில்லு. தாண்டிப்போவோம்.

2019 அக்டோபர் 2-ஆம் தேதியின் அறிமுகக் கூட்டம் இதைவிடச் சுவையானது. ஒரே மேடையில் மூன்று வழிகளைக் காட்டினார்கள். ப்ரோ எக்ஸ்: 13 அங்குலம், 7.3 மில்லிமீட்டர், விசிறி இல்லை, குவால்காமோடு சேர்ந்து செய்த எஸ்க்யூ1 சில்லு. கைவிட்ட ஆர்ம் வழிக்குத் திரும்ப வந்திருந்தார்கள். இம்முறை இன்டெல் நிரல்களை மொழிபெயர்த்து ஓட்டும் துபாஷி ஒருவரை உள்ளே உட்காரவைத்திருந்தார்கள். ஆனால் அவருக்குப் பழைய 32-பிட் வகை நிரல்கள்தான் தெரியும். 64-பிட் கற்றுக்கொண்டது 2021-இல், விண்டோஸ் 11-ஓடு. தொழிலே மொழிபெயர்ப்பாக இருப்பதால் எனக்கு அவர்மேல் ஓர் அனுதாபம் உண்டு.

இரண்டாவது சர்ஃபேஸ் நியோ. இரண்டு திரை, நடுவில் கீல். ஆம், கூரியர்தான், பத்தாண்டு கழித்து எழுந்து வந்திருந்தது. அதற்கென்றே விண்டோஸ் 10எக்ஸ் என்று புதிதாக ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார்கள். உடல் தயார், உயிர் வரவில்லை. 2021 மே மாதம் 10எக்ஸ் வெளிவராது என்று சொல்லிவிட்டார்கள். நியோவும் கடைக்கு வரவே இல்லை. மூன்றாவது டுவோ. அதுவும் இரட்டைத் திரை, சட்டைப் பைக்குள் வைக்கும் அளவு. 2020 செப்டம்பரில் 1,399 டாலருக்கு வந்தது, கூகுளின் ஆண்ட்ராய்டில். மூடினால் கீலிலிருந்து இரு பாதிகளும் இம்மி பிசகாமல் பொருந்தும் மெல்லிய பொருள் அது. விண்டோஸ் செய்யும் நிறுவனம் தன் மிக அழகான கீலுக்குள் ஊற்ற விண்டோஸ் இல்லாமல் பக்கத்து வீட்டில் போய் உறைமோர் வாங்கிவந்தது.

பெரிய விண்டோஸும் இந்தக் காலத்தில் சிலேட்டை மறந்துகொண்டே வந்தது. விண்டோஸ் 8 டெஸ்க்டாப்காரர்களை வீதியில் நிறுத்திவிட்டுத் தொடுதிரைக்காரர்களைத் தாம்பாளம் வைத்து அழைத்தது. வசவு தாங்காமல் விண்டோஸ் 10 சமரசம் செய்து ‘டேப்லெட் பயன்முறை’ என்று தனி அறை ஒதுக்கியது. விண்டோஸ் 11 அந்த அறையையும் எடுத்துவிட்டது. 2021-இன் ப்ரோ 8 பெரிய திரையும், அதை நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் வேகமும் கொண்ட அருமையான லேப்டாப். சிலேட்டாகப் பிடித்தால் கனம் தெரியும். 2022-இன் ப்ரோ 9 ஒரே பெயரில் இன்டெல், ஆர்ம் இரண்டையும் விற்றது. வாங்குகிறவர் தலையைச் சொறிந்தார். 2023 செப்டம்பரில் பனாய் விலகி அமேசானுக்குப் போனார். டுவோவுக்கு வந்துகொண்டிருந்த புதுப்பிப்பும் அதே மாதத்தோடு முடிந்தது.

தராசு காட்டிய நாளிலிருந்து சரியாகப் பத்தாண்டு கழித்து, 2024 மே 20 அன்று, பதினோராம் பதிப்பு ப்ரோவை அறிவித்தார்கள். விற்பனை ஜூன் 18, அதாவது லாஸ் ஏஞ்சலிஸ் மேடையின் பன்னிரண்டாம் ஆண்டு நிறைவு. திட்டமிட்டோ தற்செயலோ, இரண்டு தேதிகளும் பொருந்தின. உள்ளே குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ், ஆர்ம் வகை. துபாஷி இப்போது நன்றாகத் தேறியிருந்தார். ஃபோட்டோஷாப் போன்றவையோ ஆர்மிலேயே நேராக ஓடத் தொடங்கிவிட்டன. ஆர்டியில் வாக்களித்ததை நிறைவேற்றப் பன்னிரண்டு ஆண்டு, தமிழ்க் கணக்கில் ஒரு மாமாங்கம், எடுத்துக்கொண்டார்கள். அப்போதும் வாத்தியார் வாய் சும்மா இருக்கவில்லை. திரையில் நாம் பார்ப்பதையெல்லாம் படம்பிடித்து நினைவில் வைக்கும் ரீகால் என்ற வசதியை அதன் தலையில் கட்டப்பார்த்து, பாதுகாப்பு வல்லுநர்கள் போட்ட கூச்சலில், விற்பனைக்குச் சில நாள் முன்பு அதைத் தள்ளிவைத்தார்கள்.

2025 மே மாதம் சின்ன ப்ரோ ஒன்று வந்தது. 12 அங்குலம், விசிறி இல்லை, பேனா முதுகில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும். அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்தது. என் ப்ரோ 3 விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லாத கூட்டத்தில் இருக்கிறது. ப்ரோ 4-உம், 2017-இன் ப்ரோவும்கூட அங்கேதான். கீல் இன்னும் அதே ‘தப்’ ஓசையோடு மூடுகிறது. இணையத்தைத் துண்டித்துவிட்டுப் பிழை திருத்த மட்டும் வைத்திருக்கிறேன்.

போன வாரம் அத்தான் ஃபோனில் பேசியபோது புதிய 12 அங்குலத்தைப் பற்றிக் கேட்டேன். பக்கத்தில் சாய்வுநாற்காலியிலிருந்த அப்பா, “அதுலயும் சைடு ஸ்டாண்டு இருக்கான்னு கேளு” என்றார்.

“இருக்கு மாமா. பல்பத்தை முதுகிலயே ஒட்டிக்கலாம்.”

“விலை?”

“வந்தப்ப எழுநூத்துத் தொண்ணூத்தொன்பது டாலர்ல இருந்து.”

“அந்தக் கீழ்ப்பலகையும் சேர்த்தா மாப்பிள்ளை?”

மறுமுனையில் அத்தான் சிரித்தார். “அது தனி மாமா.”